லீக்ஸ் பாத்தியில் ஓர் அடிக்கட்டை

தேயிலைத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு இருக்கும் மரக்கறித் தோட்டம் நாலு பாத்தி அகலம்தான். அதன் நட்டநடுவில் நின்ற யூக்கலிப்டஸ் மரத்தை நிர்வாகத்தின் ஆட்கள் வந்து வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிக்கட்டையை மட்டும் விட்டுவிட்டார்கள். மரம் அவர்களுக்கு, கட்டை எனக்கு! காலை வெயில் முதலில் விழுவது அந்த இடத்தில்தான். அங்கே லீக்ஸ் போட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

"நானே எடுத்துர்றேன், யாரையும் கூப்புடாத" என்றார் என் கணவர்.

அவர் முப்பது வருடம் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடி வளர்ந்து கொழுந்து குறையும்போது, கிளைகளைக் கத்தியால் வெட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்க வைக்கும் வேலை அது. போன வருடம் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து வலது தோள் எலும்பு விலகிவிட்டது. இனி பாரமான வேலை கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு, காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும் சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மனுஷன் இப்படியே கிடந்து கிடந்து ஒன்றுமில்லாமல் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதனால் கட்டையை அவரிடமே விட்டேன்.

முதலில் உப்பைக் கொட்டினார். மழை கழுவிக்கொண்டு போனது. பிறகு விறகு அடுக்கி எரித்துப் பார்த்தார். எங்கள் மலை ஈரத்தில் எது எரியும்? புகைதான் மிச்சம், கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் நாறியது. ஒரு மாதத்தில் கட்டையைச் சுற்றித் துளிர் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு போய், இடது கையால் ஒவ்வொரு துளிராக வெட்டினார். மழைத்தண்ணீர் தங்காத சரிந்த வெட்டு. கட்டையில் படிந்திருந்த பாசியைத் தேங்காய்த் தும்பால் தேய்த்து எடுத்தார். வெயில் படாமல் கொப்புகளை மேலே பரப்பியும் வைத்தார். அடுத்த மாதம் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்தது.

"என்னா, அண்ணே மரத்துக்கு முடி வெட்டுறாரா?" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் கேலி செய்தாள்.

"கவ்வாத்துக்காரர்கிட்ட போயி மரத்தக் கொல்லச் சொன்னேன் பாரு, என்னையத்தான் சொல்லணும்" என்று நானும் சிரித்தேன். பழக்கதோஷம் என்றே நினைத்திருந்தேன்.

மூன்று தடவை இப்படியே நடந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. லீக்ஸ் நாற்று பிடுங்கி நடும் பதத்தைத் தாண்டி நின்றது. அவரிடம் சொல்லாமல், கொட்டகலையில் இருக்கும் என் அண்ணனை, கட்டையை நெம்பி எடுக்க அலவாங்கோடு வரச் சொன்னேன்.

அண்ணன் கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "தங்கச்சி, இது சாகுறதுக்கு வெட்டுன வெட்டு இல்ல. துளிரக் கையால அடியோட ஒடச்சிக்கிட்டே வந்திருந்தா கட்ட இந்நேரம் உக்க ஆரம்பிச்சிருக்கும். மச்சானுக்கு இதுகூடவா தெரியாது?"

"தெரியும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர்தான். அன்று அவர் துளிர் வெட்டும் ஞாயிற்றுக்கிழமை என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கையில் தீட்டிய கத்தி இருந்தது. அலவாங்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதயும் தோண்டிட்டா நான் எதத்தான் வெட்டுறது?"

கூடவே வாழ்ந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அதை அண்ணன் மேல் காட்டினேன். "அந்த அலவாங்க அங்கிட்டு வைங்கண்ணே, சும்மா தூக்கிக்கிட்டு நிக்காம. வாங்க, தேத்தண்ணி குடிக்கலாம்."

நாங்கள் உள்ளே போகும்போதே அவர் குந்தி உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

லீக்ஸைக் கட்டையைச் சுற்றி வட்டமாக நட்டேன். கிட்டே இருப்பவை கொஞ்சம் நோஞ்சான், மற்றவை பரவாயில்லை. இன்னும் அந்தக் கட்டையை எடுக்கவில்லையா என்று லயத்தில் யாராவது கேட்டால், வேர் ரொம்ப ஆழம் என்று சொல்லிவிடுகிறேன்.