இரண்டு சட்டிக் கீரை

சிறுநீரில் நுரை நின்றது. கழிவறைக்கு ஊற்றும் ஃபினாயிலால்தான் அப்படி என்று நினைத்து, அதை மாற்றச் சொல்லி என் மனைவி கிரேஸிடம் சண்டைகூடப் போட்டேன். ஃபினாயிலை மாற்றினாள். நுரை அப்படியேதான் நின்றது.

அய்யம்பேட்டைப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகின்றன. ரத்த அழுத்தமும் உண்டு, ஆனால் வலிக்காத நோயை யார் மதிக்கிறார்கள்? தஞ்சாவூரில் பரிசோதித்த பெண் மருத்துவர், சிறுநீரில் ஆல்புமின் (ரத்தத்திலேயே தங்க வேண்டிய புரதம்) கலந்து வருகிறது என்றார். சிறுநீரகத்தின் வடிகட்டி கசியத் தொடங்கியிருக்கிறதாம். சர்க்கரையையும் அழுத்தத்தையும் இறக்கினால் பிடித்து நிறுத்தலாம், விட்டுவிட்டால் டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) வரை போய்விடும் என்றார்.

அந்தச் சொல்லை எனக்கு விளக்க வேண்டியதே இல்லை. என் அண்ணன் ஜெபராஜ் வாரத்தில் இரண்டு நாள் அந்த இயந்திரத்தோடுதான் படுத்திருக்கிறார். அண்ணி இறந்த பிறகு எங்களோடு இருக்கிறார். அவருக்கும் முதலில் நுரைதான் வந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

மருத்துவர் மாத்திரையை மாற்றினார். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் ஒரே மூச்சில் நிறுத்தினார். தினமும் நடக்கச் சொன்னார். பிறகு, கீரையும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்னார். அவற்றில் இருக்கும் நைட்ரேட் வாயில் எச்சிலோடு சேர்ந்து மாறி, உடம்புக்குள் போய் ரத்தக்குழாய்களைத் தளர்த்துமாம்.

நைட்ரேட் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டை மூட்டையாக அதை விற்றே பிழைக்கிறவன் நான். அவர் சிரிக்கவில்லை.

"சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அது எவ்வளவு கேக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க. கீரை அதுக்குத் துணை, அவ்வளவுதான்" என்றார். என் ரத்தத்தில் பொட்டாசியம் அளவாக இருப்பதால்தான் கீரையை அனுமதிப்பதாகவும், அதை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

நான் அதில் பாதியைத்தான் காதில் வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் கிரேஸ் தண்டுக்கீரை போட்டிருந்தாள். நைட்ரேட் நல்லதென்றால் கூடுதல் நைட்ரேட் கூடுதல் நல்லதுதானே? மண்ணில் நைட்ரேட்டாக மாறும் யூரியாவைக் கடையிலிருந்து அள்ளிவந்து பாத்தியில் தாராளமாக வீசினேன். கீரை கரும்பச்சையாகக் கொழுத்து நின்றது. ஒரு மழை பெய்தது. எல்லாம் சாய்ந்து, இலைக்கடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது.

அடுத்த முறை இதை மருத்துவரிடம் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அளவுக்கு மிஞ்சிய நைட்ரேட் உடம்புக்குக் கெடுதல் என்று விளக்கிவிட்டு, யூரியாவை இப்படிக் கொட்டுகிற விவசாயியிடம் நான் என்ன சொல்வேன் என்று கேட்டார். திட்டி அனுப்புவேன் என்றேன். என்னையும் அப்படியே திட்டியதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

அதோடு விடாமல், வீட்டில் கீரையை எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கூட வந்திருந்த கிரேஸிடம் விசாரித்தார். அண்ணனின் சிறுநீரகம் வெளியேற்றாததால் அவருக்குப் பொட்டாசியம் ஆகாது. அதனால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சமாகக் கொடுக்கும்படி டயாலிசிஸ் செய்யுமிடத்தில் சொல்லியிருந்தார்கள். இவள் எல்லோருக்கும் அதே சட்டிதான் வைத்துக்கொண்டிருந்தாள். பொட்டாசியம் போகும் தண்ணீரோடு நைட்ரேட்டும் போய்விடுமாம். தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "வாழைக்குங்க" என்றாள். அத்தனை நாளும் என் பங்கைக் குடித்தது வாழைதான். குலை மட்டும் நன்றாகத் தள்ளியிருந்தது.

அன்றிலிருந்து இரண்டு சட்டி. அண்ணனுக்கு வடித்த கீரை, சக்கைபோல வெளுத்திருக்கும். எனக்கு அளவாகத் தண்ணீர் விட்டு, வற்றவிட்டு, பூண்டு தட்டிப்போட்டது. முதல் நாள் அவருக்கு எதிரில் உட்கார்ந்து என் தட்டைப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. எனக்கும் வடித்ததே போதும் என்று கிரேஸிடம் சொன்னேன்.

அண்ணன் அதிர்ந்து பேசமாட்டார். அன்று கையை உதறிவிட்டுச் சொன்னார்.

"எனக்குத் துணையா இருக்கணும்னா என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் பஸ்ல ஏத்திவிடு தம்பி. என் சட்டியில கைவைக்காத."

நான் குனிந்து சாப்பிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவர் பார்க்காததுபோல ரசம் கேட்டார்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் நுரை நின்றால் ஃபினாயிலைத் திட்டிக்கொண்டிருக்காதீர்கள், போய்ப் பரிசோதித்துப் பாருங்கள். உங்களுக்கு எந்தச் சட்டி என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நானும் சொல்லக்கூடாது, யூடியூப்பும் சொல்லக்கூடாது.

சம்பா அறுப்பு முடிந்த சமயத்தில் மறுபடி பரிசோதித்தார்கள். அழுத்தம் இறங்கியிருந்தது. ஆல்புமின் குறைந்திருந்தது. கீரையாலா என்று ஆசையாகக் கேட்டேன். மாத்திரை, உப்பைக் குறைத்தது, நடை, கீரை, இதில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, எதையும் நிறுத்த வேண்டாம் என்றார் மருத்துவர். அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது.

முன்பெல்லாம் ஆற்றில் தண்ணீர் எப்போது வரும், வளர்ந்த பயிருக்குப் போடும் மேலுரம் எப்போது விற்கும் என்று மாதங்களை வைத்துத்தான் யோசிப்பேன். உடம்பு என்று ஒன்று கூடவே வருவது தெரியாது. இப்போது ஒரு நாளை ஒரு நாளாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். அது குறைவாகவும் தெரியவில்லை.

டயாலிசிஸ் நாட்களில் அண்ணனைக் கூட்டிவந்து கூடத்துக் கட்டிலில் சாய்த்துவிடுவேன். அடுக்களையில் கிரேஸ் கீரை வடிக்கும் சத்தம் கேட்கும். பின்கட்டில் வாழை அடியில் தண்ணீர் விழும். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"ஒரு சட்டித் தண்ணிதானம்மா ஊத்தின?"

"ஒண்ணுதான் அத்தான்."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் தூங்குவார்.