பெரியம்மா வீட்டில் சீரியல் ஓடாத நாட்கள்

எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். தாத்தா திருவொற்றியூரில் கட்டிய வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டபோது எழுப்பிய சுவர். செங்கல்லில் மிச்சம் பிடித்துவிட்டார்களோ என்னவோ, அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் யாராவது தும்மினால் பெரியப்பா அங்கிருந்தே "நூறு!" என்பார். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்ற பிறகும் பழக்கதோஷத்தில் அப்படிச் சொல்லிவிட்டுப் பெரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

பேச்சு நின்றது பெரியம்மா மகளின் கல்யாணத்தில். வரிசைத் தட்டு எடுக்க எல்லாரையும் கூப்பிட்ட பெரியம்மா, அம்மாவைக் கூப்பிடவில்லை. அம்மா பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். "வூட்டு மனுஷிய வெத்தல பாக்கு வெச்சா கூப்புடுவாங்க?" என்று பெரியம்மா கேட்டாளாம். "வூட்டு மனுஷின்னு நெனச்சிருந்தா கண்ணு தேடியிருக்கும்ல?" என்று அம்மா கேட்டாள். இரண்டு பேர் கேள்வியும் நியாயமாக இருந்ததால் சண்டை தீர வழியில்லாமல் போயிற்று. அப்பாவும் பெரியப்பாவும் மட்டும் முனைக்கடையில் ஒன்றாக டீ குடித்துவிட்டு, தெருவுக்குள் நுழையும்போது முன்னும் பின்னுமாகப் பிரிந்து வருவார்கள்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரே ஆள் நான்தான். இதில் என் பெருந்தன்மை ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் இருந்தது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த குண்டு டிவி. அதில் எந்தப் பொம்மைப் படத்தைப் போட்டாலும் இடது பக்கம் பச்சையாகத்தான் தெரியும். பெரியப்பா துறைமுகத்தில் ஓய்வு பெற்றபோது வாங்கியது சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் தட்டை டிவி. பள்ளிக்கூடம் விட்டதும் என் கால்கள் தாமாக அந்த வாசலுக்குப் போய்விடும். சீரியல் தொடங்கும்வரை ரிமோட் என்னுடையது. தொடங்கிவிட்டால் பெரியம்மாவுடையது, அந்த நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் விளம்பர இடைவேளையில்தான் எழுந்து பார்ப்பாள் என்று பெரியப்பா சொல்வார்.

அந்த வருடம் அக்கா கல்லூரியில் கடைசி ஆண்டு, கணினிப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான் அவளுடைய மொத்தச் சொத்து. அதன் திரையில் முதலில் ஒரு கோடு விழுந்தது. பிறகு பாதித் திரை போனது. ஒரு காலை முழுவதும் இருண்டுவிட்டது. அவள் தன் புராஜெக்டைத் தேர்வாளர்கள் முன்னால் ஓட்டிக்காட்ட இன்னும் சில நாட்களே இருந்தன. கல்லூரியில் படிப்பு விடுமுறை விட்டு கணினி அறையைப் பூட்டிவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் அவளுக்கு வேண்டிய மென்பொருளை ஏற்ற விடவில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ரிப்பேர் கடைக்கு அவளோடு நானும் போனேன். கடைக்காரர் லேப்டாப்பை வேறொரு திரையோடு இணைத்து, உள்ளே எல்லாம் பத்திரமாக இருப்பதைக் காட்டினார். "பொட்டி சூப்பரா கீதும்மா, மூஞ்சிதான் போயிடுச்சி. இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே கெடைக்க நாளாவும். வூட்ல புது டிவி இருந்தா இந்த ஒயர அதுல சொருவு, பொழப்பு ஓடும்" என்று ஒரு சின்ன ஒயரைக் கொடுத்தார்.

எங்கள் குண்டு டிவியின் முதுகில் அந்த ஒயருக்குப் பொருந்தும் துளையே இல்லை. அக்கா அதைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா வூட்டு டிவில இந்தமாரி ஓட்ட கீது. நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்து, "நான் வேணா அண்ணன்கிட்ட..." என்று தொடங்கினார்.

"ஒண்ணும் தேவையில்ல," என்றாள் அம்மா. "சீரியல வுட்டுட்டு எம்பொண்ணுக்கு டிவி குடுத்துடுவாங்களா? அப்டியே குடுத்தாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. எம்பொண்ணு அங்க போயி கையக் கட்டிக்கினு நிக்க வேணாம்."

அக்கா அழத் தொடங்கினாள். அவள் சத்தமாக அழுகிறவள் அல்ல. ஆனால் அன்று அழுதாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார். துறைமுகத்துக்குள் நுழையக் காத்துநிற்கும் கன்டெய்னர் வண்டிகளின் வரிசையில் அவருடைய வண்டியும், கிளீனர் பொறுப்பில், முந்தின நாளிலிருந்து நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வழக்கம்போல் பெரியம்மா வீட்டுக்குள் நுழைந்தேன். டிவி கறுப்பாக இருந்தது. அதன் கீழே சிவப்பு விளக்கோடு இருக்கும் கேபிள் பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது.

பெரியம்மா என்னிடம்தான் பேசினாள். ஆனால் முகம் சுவரைப் பார்த்திருந்தது, குரலும் சுவருக்கு அந்தப் பக்கம் போகும் அளவுக்கு இருந்தது. "கேபிள்காரன் கீறான்ல, அவனாண்ட சண்ட பூட்டேன். படம் புள்ளி புள்ளியா வருதுடான்னா எகத்தாளமா பேசறான். போடான்னேன். பொட்டியப் புடுங்கிக்கினு பூட்டான். இப்ப இந்த டிவி சும்மா தெண்டத்துக்குத்தான் நின்னுக்கினு கீது. யாருக்கும் பிரயோஜனமில்ல."

பெரியம்மா சண்டை போட்டாள் என்பதில் சந்தேகப்பட எதுவுமில்லை. பால்காரர், தண்ணீர் லாரிக்காரர், ரேஷன் கடைக்காரர் என்று யாரும் அவளிடம் தப்பியதில்லை. என் பொம்மைப் படங்கள் போன துக்கத்தோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை; சுவர் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

அம்மா முறத்தை வைத்துவிட்டு யோசித்தாள். "சும்மாதான் நிக்குதா?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன். "அப்ப அவங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்றாள், தனக்குத்தானே. பிறகு அக்காவைப் பார்த்து, "போ. வேலைய முட்சிக்கினு வா. தண்ணிகூட கேக்காத" என்றாள்.

அக்கா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாசற்படி ஏறினாள். பெரியம்மா "வா" என்று மட்டும் சொன்னாள். பெரியப்பாதான் பரபரத்தார். ஒயர் குட்டை, லேப்டாப் டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். முக்காலி எட்டவில்லை. முக்காலிமேல் ஒரு அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் பலகை வைத்து உயரம் கொடுத்தார். ஒயரைச் சொருகியதும் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. ரிமோட்டுக்குப் பெரியம்மா போட்டிருந்த பாலித்தீன் உறையைக் கழற்றி, எதை எதையோ அழுத்தினார்கள். அக்கா லேப்டாப்பில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். டிவி ஒருமுறை இருண்டு, நீலமானது. பிறகு அவளுடைய லேப்டாப்பின் முகப்பு சுவரளவுக்கு விரிந்தது.

"தோ வந்துடுச்சி!" என்று கைதட்டியது பெரியம்மா.

ஓரங்கள் மட்டும் வெட்டுப்பட்டிருந்தன. கீழே இருக்க வேண்டிய வரிசை டிவியின் சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. பெரியப்பா ரிமோட்டோடு வெகுநேரம் போராடி, படத்தின் அளவை மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்து அதையும் வெளியே கொண்டுவந்தார். அன்று முழுவதும் அவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அக்கா அங்கேதான். அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து வலித்தது. பெரியம்மா பாயை விரித்து, சீரியல் பார்க்கும் அதே இடத்தில் உட்கார்ந்து, அக்கா அடிக்கும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சீரியலாவது விளம்பரத்துக்கு நிற்கும், இது நிற்கவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், "இதுல இன்னாதான்டி கதை?" என்று கேட்டாள்.

அக்கா சொன்னாள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நாள்கணக்கில் ரோட்டில் நிற்காமல், ஒவ்வொன்றுக்கும் டோக்கன் கொடுத்து, முறை வரும்போது டிரைவரின் போனுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு அது. அதுவரை டிரைவர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கலாம். சோதித்துப் பார்ப்பதற்காக அக்கா சில பொய் லாரிகளையும் ஒரு உண்மை லாரியையும் அதில் ஏற்றியிருந்தாள். உண்மை லாரி அப்பாவுடையது.

"நம்ம கொழுந்தன் வண்டியா? எங்க கீது?" என்று பெரியம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். வரிசையில் ஏழாவதாக, சிவப்பு எழுத்தில் இருந்தது. முறை வந்து அது பச்சையாக மாறும்வரை அவள் அடுப்பங்கரைக்குப் போகவில்லை. மாறியதும், "போ நைனா, போ, எறக்கிட்டு வூட்டுக்கு வந்து சாப்டு படு" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். பெரியப்பா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம் விசைகளை அடிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் நான் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவேன். அம்மா கேட்காதவள்போல் கேட்பாள். ஒரு மாலை அவள், "சீரியல் இல்லாம அவங்களுக்குப் பொழுது எப்டிப் போவுது?" என்றாள். நானும் என் துக்கத்தைச் சேர்த்து, "பாவம்மா அவங்க. செவுத்தையே பாத்துகினு கீறாங்க" என்றேன். அம்மா ஒரு தூக்கில் வஞ்சிர மீன் குழம்பு ஊற்றி, "நான் குடுத்தேன்னு சொல்லாத" என்று அனுப்பினாள். பெரியம்மா மூடியைத் திறந்ததுமே, "உங்கம்மா கைப்பக்குவம்" என்றாள். நான் எதையும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தேன். தூக்கு வெறுமையாகத் திரும்பவில்லை. அதில் ஆறு மசால் வடை இருந்தது. அதையும் "நான் குடுத்தேன்னு சொல்லாத" என்றுதான் அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்தத் தூக்கு ஓய்ந்து உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

அக்கா தேர்வாளர்கள் முன்னால் நிற்க வேண்டிய நாளுக்கு முந்தின சனிக்கிழமை, கேபிள்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். காற்றில் தொங்கிப்போன ஒயர்களை இழுத்துக் கட்டுவதற்காக ஏணியோடு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். என் பொம்மைப் படங்களைப் பறித்தவர் கண்முன்னே நின்றதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெரியம்மா வீட்டு வாசலில் அவரை மறித்தேன்.

"எங்க பெரியம்மாவாண்ட சண்ட பூட்டு கேபிள் பொட்டியப் புடுங்கினது நீங்கதான? வயசானவங்க டிவி இல்லாம எவ்ளோ கஷ்டப்படறாங்க தெரியுமா?"

அவர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். "நான் எங்க பாப்பா புடுங்கினேன்? இந்த வூட்டு லைன் நல்லாத்தான ஓடிக்கினு..."

"ஏன், புடுங்கலியா நீ?" உள்ளேயிருந்து பெரியம்மா பாய்ந்து வந்தாள். "அன்னிக்குச் சண்ட பூட்டல? படம் புள்ளி புள்ளியா வருதுன்னு கேட்டதுக்கு எகத்தாளமா பேசல?" குரல் அவரை அதட்டியது, கண்கள் மட்டும் வேறு என்னவோ செய்துகொண்டிருந்தன.

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். கவிழ்த்த அண்டாமேல் லேப்டாப்பை வைத்து, தட்டை டிவியை அண்ணாந்து பார்த்தபடி அக்கா தட்டிக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஆமா பாப்பா. நான்தான் புடுங்கினேன். தப்புதான், மன்னிச்சிடு" என்றார். "பொட்டிய எப்ப திருப்பிக் குடுக்கட்டும்கா?"

"புள்ளைக்குப் பரிட்ச முடியட்டும். நானே சொல்லியனுப்பறேன்" என்றாள் பெரியம்மா.

நான் வெற்றியோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். முதலில் அவர் பொய் சொல்லப் பார்த்ததையும், பெரியம்மா அவரை விடாமல் மடக்கியதையும், கடைசியில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"மொதல்ல இன்னா சொன்னான்? திருப்பிச் சொல்லு" என்றாள் அம்மா.

"லைன் நல்லாத்தான் ஓடுதுன்னான். புளுகு!"

அம்மா அடுப்பை அணைத்தாள். குழம்பு இன்னும் கொதிக்கவே இல்லை. முகத்தைக் கழுவினாள், முந்தானையால் துடைத்தாள், துடைத்த பிறகும் முகம் ஈரமாகவே இருந்தது. செருப்புகூடப் போடாமல் பக்கத்து வாசலுக்கு நடந்தாள். அவளும் கேபிள்காரரை நாலு கேள்வி கேட்கத்தான் போகிறாள் என்று நினைத்து நானும் உற்சாகமாகப் பின்னால் ஓடினேன். ஆனால் அவர் அதற்குள் நாலு வீடு தள்ளிப் போயிருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பெரியம்மா வாசலில்தான் நின்றிருந்தாள்.

"கேபிள்காரன் பொட்டிய எட்தாந்து குடுக்கறவரைக்கும் எங்க வூட்ல வந்து சீரியல் பாருக்கா," என்றாள் அம்மா. "ஒரு பக்கம் பச்சையாத் தெரியும். ஆனா கத புரியும்."

பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்று மாலை பெரியம்மா எங்கள் வீட்டுத் தரையில் அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்து பச்சை முகங்களைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் விசைகள் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா புராஜெக்டில் தேறினாள். அதைப் பார்த்துக் கேள்வி கேட்ட தேர்வாளர்களில் ஒருவர் சிபாரிசு செய்த இடத்தில்தான் அவளுடைய முதல் வேலையும் கிடைத்தது. இன்று அவள் மேசையில் இரண்டு திரைகள் இருக்கின்றன. கழுத்து வலிக்காத உயரத்தில். முதல் சம்பளத்தில் இரண்டு புடவை எடுத்தாள், ஒரே விலையில், ஒரே கரையில். எதை யாருக்குக் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அக்காவின் தேர்வு முடிந்த மறுநாளே பெரியம்மா வீட்டில் கேபிள் வந்துவிட்டது. பூச்சாடி இருந்த இடத்தில் பெட்டி இருந்தது, சிவப்பு விளக்கோடு. நான் போட்ட அதட்டலில் பயந்துபோய்த்தான் கேபிள்காரர் ஓடிவந்து கொடுத்தார் என்று பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் பல நாள் சொல்லித் திரிந்தேன். அம்மாவும் பெரியம்மாவும் கூட இருக்கும்போதே சொல்வேன். அவர்களில் ஒருவர்கூட அதை மறுத்ததில்லை. பெரியம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "அதுக்குத்தான் வூட்ல உன்னமாரி ஒரு ஆளு வேணும்ன்றது" என்று சொல்லி, ரிமோட்டை என் கையில் கொடுத்துவிடுவாள்.