கையை ஆட்டாதீங்க

பேஸ்மேக்கர் சோதிக்கும் அறையில் பன்னிரண்டு வருடமாக டெக்னீஷியன் அதிகம் சொன்ன வாக்கியம், "கையை ஆட்டாதீங்க." கை அசைந்தால் திரையில் கோடு கிறுக்கலாகிவிடும், மறுபடி எடுக்க வேண்டும். வெளியே பெஞ்சில் இருபது பேர் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் சோதனைக்கு வந்த பெயின்டர் ஒருவரிடமும் அதையேதான் சொன்னாள். அவர் கையை வீசி வீசிக் கதை அளந்துகொண்டிருந்தபோது, இதயத்துக்குப் போகும் வயரின் மின்தடை ஐந்நூறு ஓமிலிருந்து ஆயிரத்து நானூறுக்குத் தாவியது. அதட்டிப் படுக்க வைத்தாள். எண் சமர்த்தாக இறங்கியது. 'நார்மல்' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

இன்று அவர் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்திருந்தார். சீலிங்குக்கு பெயின்ட் அடிக்கும்போது கண் இருட்டி ஸ்டூலிலிருந்து விழுந்தாராம்.

"வயசாச்சு, உயரத்துல ஏறாதீங்கன்னா கேக்குறாரா?" என்றாள் அவர் மனைவி.

"தரையில நின்னு சீலிங்குக்கு அடிக்க நான் என்ன ஒட்டகச்சிவிங்கியா?"

டெக்னீஷியனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று தாவிய அந்த எண் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, படுத்தபடியே ரோலர் பிடிக்கிற மாதிரி, பேஸ்மேக்கர் இருக்கிற பக்கம், இடது கையைத் தூக்குங்க."

"ஆட்டக் கூடாதுன்னு நீங்கதானேம்மா..."

"இன்னைக்கு ஆட்டுங்க."

தூக்கினார். கோடு கிறுக்கலானது. கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்புக்கு அடியில் நசுங்கி நசுங்கி வயர் விரிசல் விட்டிருந்தது. கை உயர்ந்தால் அதிலிருந்து பொய்த் துடிப்பு கிளம்பும். இதயம் தானாகவே துடிக்கிறது என்று நம்பி பேஸ்மேக்கர் சும்மா இருந்துவிடும். ஐந்து நொடி, திரையில் ஒரு துடிப்பும் இல்லை. பெயின்டரின் கண்கள் செருகின.

அவளே அவர் கையைப் பிடித்து இறக்கினாள். துடிப்பு திரும்பியது.

அவள் கூப்பிட்டதும் ஓடி வந்த டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "போன தடவை நார்மல்னு இருக்கே. அப்ப இது புதுசா வந்த விரிசல்."

அவள் தலையாட்டினால் போதும், விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

"இல்ல சார். அன்னைக்கே நம்பர் தாவுச்சு. கையை ஆட்டினதாலன்னு நினைச்சு, அடங்கின நம்பரை எழுதிட்டேன்."

மனைவி அவளையே பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா இவர் ஸ்டூல்ல ஏறியிருக்கவே மாட்டாரேம்மா."

டெக்னீஷியன் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள்.

"விடு, அவங்க என்ன பண்ணுவாங்க? நான்தான் சொல்லச் சொல்லக் கேக்காம ஆட்டிட்டிருந்தேன்" என்றார் பெயின்டர்.

மனைவி சொன்னதைவிட அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பழைய பக்கத்தில் 'நார்மல்' என்பதை அடித்து, பக்கத்தில் 1400 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.