மைக் அக்காவின் வயிற்றுப் பூச்சி

மருத்துவமனைக் கூடத்தில் புதிதாக வந்தவர் எந்த மூலையில் ஒதுங்கியிருந்தாலும், மைக் அக்கா நேராகப் போய் அவர் பக்கத்தில்தான் உட்காருவாள். முதல் கேள்வி, "சாப்டாச்சா?" அடுத்தது, "எனக்குப் பதினாலு வருஷமா ஹெச்.ஐ.வி. உங்களுக்கு?" வந்தவர் வெலவெலத்துப் போய்ச் சுற்றுமுற்றும் பார்ப்பார். கூடத்திலிருக்கும் அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். அந்தக் குரலுக்காகத்தான் மைக் என்ற பெயர். "மெதுவாப் பேசுனா ஏதோ திருடிட்டு வந்த மாதிரி இருக்கு" என்பது அவள் கட்சி.

இந்தச் சேவை செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் நாற்றுப் பண்ணையில் வேலை. செருப்பை வேலியில் மாட்டிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர மண்ணில் இறங்கினால், செம்மண்ணும் எருவும் கலந்து கறுப்புப் பைகளில் அடைத்துக்கொண்டே இருப்பாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியிடம் நோயைச் சொல்லிவிட்டாள். "பின்னாடி யாராச்சும் சொல்லி நீங்க திடுக்கிட வேணாம் பாருங்க." அவர் அப்போதே திடுக்கிட்டார். ஆனாலும் வேலை கொடுத்தார்.

முதல் கணவன் நோயைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். இரண்டாமவரை இந்தக் கூடத்து வரிசையில்தான் கண்டுபிடித்தாள். ஆட்டோ ஓட்டுகிறவர். "எனக்கு முன்னாடி நின்னாரு. ரொம்ப நேரம் முதுகையே பாத்துக்கிட்டிருந்தேன். நல்ல முதுகு" என்பாள். அவர் அதிகம் பேசமாட்டார். வீட்டுக்கு ஒரு மைக் போதும் என்பது அவர் கணக்கு.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு பை தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். இரத்தப் பரிசோதனையில், நோயை எதிர்க்கும் அணுக்களின் எண்ணிக்கை சரிந்திருந்தது. கூடத்தில் எல்லோரும் 'கவுண்ட்' என்று சொல்வது இதைத்தான். டாக்டரம்மா தயங்கியபடி கேட்டார்: "அக்கா, மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?"

"என்னையா கேக்குறீங்க?" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்குள் கதை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அக்காவே மாத்திரையை விட்டுவிட்டாளாம் என்றார்கள் சிலர். விடவில்லை, மாத்திரைதான் கைவிட்டுவிட்டது என்றார்கள் வேறு சிலர். வளையல் விற்கிற ஒருத்தி இருந்தாள். மாத்திரையே வேண்டாம் என்று அடம்பிடித்தவளை அக்காதான் கெஞ்சி, மிரட்டி, வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். "அக்காவுக்கே கேக்கலைன்னா எனக்கு மட்டும் கேக்குமா?" என்று அவள் நிறுத்திவிட்டதாக நர்ஸ் சொன்னபோது, தான் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

பிறகு வைரஸ் பரிசோதனை முடிவு வந்தது. வைரஸ் அடங்கித்தான் இருந்தது. அக்கா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுவந்திருக்கிறாள் என்பதற்கு அதுவே சாட்சி. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். "காலையில மலம் இதுல கொஞ்சம் கொண்டு வாங்க."

ஹெச்.ஐ.வி.யை ஊருக்கே கேட்கும்படி சொல்லத் தெரிந்தவளுக்கு இந்த டப்பாவைக் கையில் வாங்கக் கூச்சம். முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டில் அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். இன்றைக்கு வயிறு சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். ஆட்டோக்காரர் அதைக் கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வாயிலிருந்து இத்தனை சிரிப்பு வந்து அக்கம்பக்கம் அதுவரை கேட்டதில்லை. அந்தக் கோபத்திலேயே மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கொக்கிப்புழு. குடலில் கொக்கி போட்டு இரத்தம் குடிக்கிறது.

"வெறுங்காலோட ஈர மண்ணுல நிப்பீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"அதுதானே வேலை. ஒதுங்குறதும் பண்ணைக்குப் பின்னாடிதான். எல்லாரும்."

"கால் வழியாத்தான் ஏறியிருக்கு. ரத்தம் குறையறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உங்க எதிர்ப்பு சக்தி ரெண்டு இடத்துல மல்லுக்கட்டணும். புழுவை எதிர்க்கிற விதம் வேற, வைரஸை எதிர்க்கிற விதம் வேற. இந்தப் புழு உள்ளேயே வருஷக்கணக்கா குடியிருந்து, எதிர்ப்பு சக்தியையே தனக்குத் தோதா மந்தமாக்கிடும்."

"அப்ப பூச்சியை எடுத்தா கவுண்ட் ஏறிடுமா?"

"சிலருக்கு ஏறியிருக்கு. சிலருக்குப் பெரிசா மாறலை. கண்டிப்பா ஏறும்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். களைப்பு குறையும், அது நிச்சயம்."

அந்தச் செவ்வாய், அக்கா ஆள் அனுப்பி வளையல்காரியை வரவழைத்தாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கதை பரவியது கூடத்தில். அதனால் கூடத்தின் நடுவிலேயே அவளை உட்காரவைத்து, வழக்கமான குரலில் ஆரம்பித்தாள்.

"என் வயித்துல பூச்சி."

நாலைந்து தலைகள் திரும்பின. அக்காவின் காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்கு வருமே, அதுதான். கழுதை வயசுல எனக்கு வந்திருக்கு. மாத்திரை மேல பழி போடாதே. அது வைரஸைக் கட்டித்தான் போட்டிருக்கு. இது வேற திருடன்."

வளையல்காரி அவளை உற்றுப் பார்த்தாள். "நெசமா பூச்சியா, இல்ல என்னைச் சமாதானப்படுத்தறியா?"

"டப்பால போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன்டி. போதுமா?"

வளையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். இன்னொருவர் நைசாக எழுந்து நர்ஸிடம் போய், தனக்கும் ஒரு டப்பா வேண்டும் என்றார். வளையல்காரி அன்றே மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றாள்.

பூச்சி மருந்துக்குப் பிறகு அக்காவுக்கு மூச்சு வாங்குவது நின்றது. கவுண்ட் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பூச்சி போனதாலா, இரும்புச்சத்து மாத்திரையாலா, சும்மாவேவா என்று டாக்டரம்மா இன்னும் சொல்லத் துணியவில்லை. பண்ணை முதலாளியிடம், "உங்க ரோஜாவுக்கு நிழல்வலை கட்டியிருக்கீங்க, எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டக் கூடாதா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னிலையில் கேட்டாள். தகரத்தில் ஒன்று வந்திருக்கிறது. இப்போது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடக்கிறாள்.

வீட்டிலுள்ளவர்களும் மருந்து சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆட்டோக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று நழுவிக்கொண்டே வந்தார். நேற்று மாலை அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா போய் எதிரில் நின்றாள்.

"யோவ், வாயைத் திற."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. திற."

திறந்தார். மாத்திரையை நாக்கில் வைத்தாள். அவர் மென்று விழுங்கும்வரை தொண்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விழுங்கியதும் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினார். அக்கா இரண்டு விரலால் அவர் மோவாயைத் தூக்கி, மெல்ல வாயை மூடிவிட்டாள்.