ராமையாவின் வாசனைச் சவுக்காரம்

கூலிம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்த ராமையா, வெள்ளைக்காரன் ஆண்டபோது அவனைத் திட்டாத நாள் கிடையாது. ஜப்பான்காரன் வந்து மரம் சீவும் வேலை நின்று, எல்லாரும் மரவள்ளி நட்டுப் பிழைக்கத் தொடங்கியதும், அதே வெள்ளைக்காரன் காலத்துக்குத் தன் லயத்து வீட்டில் கண்காட்சி வைத்தார். நடப்பது எதுவும் பிடிக்கக்கூடாது என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

காலி பிஸ்கட் டின், ஒற்றைக் குச்சி மிஞ்சிய தீப்பெட்டி, தண்ணீர் படாத ஒரு வாசனைச் சவுக்காரம். கண்காட்சி அவ்வளவுதான். சவுக்காரம் மகள் நவமணி கல்யாணத்தன்று காலை குளிப்பதற்கு. அந்த ஒரு குளியலுக்காக அவள் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஓய்வு நாளில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தொடலாம், மோந்து பார்க்கலாம். கை மட்டும் காய்ந்திருக்க வேண்டும்.

"அண்ணே, டின்னுல வெறும் தகர வாசந்தான் வருது."

"நீ பிஸ்கட் தின்னு பழகாதவன்லா. ரொம்ப இழுக்காத, மத்தவங்களுக்கும் வேணும்."

அவர் மனைவி மருதம்மாள் முணுமுணுப்பாள்: "ஊரே சவுக்காரத்த மோந்து பாக்குது. ஒருத்தன் குளிச்ச மாதிரி தெரியல."

ஒருநாள் செர்டாங்கிலிருந்து உமையாள் என்ற அம்மாள், புருஷனையும் மகன் பரஞ்சோதியையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தாள். பெண்ணைப் பார்க்கவில்லை. சவுக்காரத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நுரைக்குமா அண்ணே?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! சண்டைக்கு முந்தின சரக்கு. கல்யாணத்தன்னிக்குப் பாருங்க."

"நுரைக்காத கட்டிய வச்சுக்கிட்டு ஊர ஏமாத்துறீங்களோன்னு பாத்தேன்."

மரவள்ளி மட்டும் தின்று ஆள் இளைத்திருந்தாலும் ராமையாவின் ரோஷம் இளைக்கவில்லை. வாளித் தண்ணீர் வந்தது. சவுக்காரம் நுரைத்தது. உமையாள் கைகழுவினாள், அவள் புருஷன் முகம் கழுவினார், பரஞ்சோதி முழங்கைவரை தேய்த்தான். பக்கத்து வீட்டார் வரிசையில் நின்றார்கள்.

சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து நவமணி பாய்ந்து வந்தாள்.

"என் கல்யாணத்துக்கு நான்தான் நாறணுமா?"

அப்பாவின் கையில் மிஞ்சியிருந்த சில்லைப் பறித்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அது கரைந்து தீரும்வரை குளித்துவிட்டுத்தான் திரும்பினாள். அவளுக்கு முன்னால் வாசம் வந்து சேர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் மூக்கை நீட்டினார்கள்.

"தள்ளி நின்னு மோந்துட்டுப் போங்கலா!" என்று மருதம்மாள் விரட்டினாள்.

பரஞ்சோதி மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னான்: "அம்மா, வாசம் போறதுக்குள்ள முடிச்சிடுவோமே."

மறுநாள் காலையிலேயே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டுவது என்று முடிவாயிற்று. விடிந்ததும் மருதம்மாள் மகளைக் குளிக்கக் கூப்பிட்டாள்.

நவமணி குளிக்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.