தாராபுரத்தில் வாங்கிய வண்டி

புதுப் பெயிண்டின் நெடிக்கு அடியில் பினாயில் வாசனையும், அதற்கும் அடியில், வெகுநேரம் மூக்கை வைத்திருந்தால் மட்டுமே பிடிபடுகிற ஏதோ ஒரு புளித்த வாசனையும் அந்த வண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தன. தாராபுரத்துக்கு வெளியே, அமராவதிப் பாலத்தைத் தாண்டி, ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் வேப்பமரத்தடியில் அது நின்றது. கதவைத் திறந்ததும் அப்பா சீட்டை அழுத்திப் பார்க்கவில்லை, சாவியைத் திருகவில்லை. தலையை உள்ளே நீட்டி, இழுத்து இழுத்து மோந்து பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "எதையோ கழுவியிருக்காங்க அம்மணி" என்றார், வேப்பமரத்துக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

எனக்கு அப்போது பதினொரு வயது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார் அப்பா. எரிந்துபோன மோட்டாரைத் தோட்டத்திலிருந்து தூக்கி வரவும், கட்டியதைத் திரும்பக் கொண்டுபோய் இறக்கவும் ஒவ்வொரு தடவையும் வாடகை டெம்போவைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அந்த வேலை இருக்கும், சில வாரம் ஒரு நாள்கூட இராது. அதற்கெல்லாம் புது வண்டி வாங்க முடியுமா? "ஓடுனாப் போதும், ஓடாத நாள்ல நின்னாப் போதும்" என்று பழைய சரக்கு வண்டி ஒன்றை ஓராண்டாகத் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம். மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறான், என்ஜினில் கெட்டி எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அமுக்கியிருக்கிறான், கேரளாவில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, யாரோ செத்த வண்டி. மெக்கானிக் யாரையாவது கூட்டிப்போகலாமே என்று அம்மா சொன்னால், "அவன் அந்தப் பக்கமும் கமிசன் வாங்குவான்" என்பார். அவர் நம்பியது சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு காந்தத் துண்டை மட்டும்தான். அடிபட்ட இடத்தில் "பட்டி" பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாமல் விழுந்துவிடும்.

தாராபுரத்து வண்டியைப் பற்றி மோட்டார் கட்ட வந்த விவசாயி ஒருவர் சொன்னார். விலையைக் கேட்டதுமே அப்பாவுக்குச் சரியாகப் படவில்லை. அதே வயதுள்ள வண்டிகளின் விலையில் பாதிகூட இல்லை அது. போனில் பேசிய பெண்மணி, "குடும்பத்தோட வாங்க" என்று இரண்டு தடவை சொன்னாராம். வண்டி பார்க்கக் குடும்பம் எதற்கு என்று அன்று முழுக்க யோசித்தார். அம்மாவுக்குப் பஸ் என்றாலே வாந்தி. ஆகவே குடும்பம் என்ற பெயரில் நான் போனேன், உடுமலை வழியாக, ஜன்னலோர சீட்டில், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற பாவாடை சட்டையோடு.

அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த கைகள். வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காந்தத்தை வைத்துக்கொண்டிருந்த அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்க இல்லீங்க, எடது பக்கம் பின்னால வைங்க" என்றார். வைத்தார். காந்தம் பொத்தென்று மண்ணில் விழுந்தது. "புளியமரத்துல மோதிப்போட்டாருங்க என்ற ஊட்டுக்காரரு. தண்ணி போட்டுப்போட்டு ஓட்டுனாரு. பின்னால உக்காந்திருந்த என்ற தம்பிக்கு ஒரு காலு போயிருச்சுங்க" என்று, மழை பெய்தது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

இப்படி வெளிப்படையாக ஒருவர் பேசினால் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும். அப்பாவுக்கு இன்னும் சந்தேகம் வந்தது. அந்த அம்மாள் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும், "குறையத் தானாச் சொல்றவங்க, அதவிடப் பெரிய குறைய மடியில வச்சிருப்பாங்க" என்றார். அதே சமயம் வீட்டுக்குள்ளிருந்து ஆண் இருமல் கேட்டது. ஜன்னல் கதவு லேசாகத் திறந்து உடனே மூடிக்கொண்டது. அப்பா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தண்ணீர் கொண்டுவந்த அந்த அம்மாள் எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். என்ன தொழில், வண்டியை யார் ஓட்டுவார், ஆள் வைத்து ஓட்டுவீர்களா, பின்னால் ஆளை ஏற்றுவீர்களா. பிறகு அப்பாவை வண்டியை எடுக்கச் சொல்லித் தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். பெண் பார்க்க வந்தவன் தன்னையே பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தவனைப்போல அப்பா நெளிந்தார். கடைசியாக அவர் வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் என்னை மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார். ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் கொடுத்தார். கொடுத்த கையை எடுக்காமலே கேட்டார்.

"ஏங் கண்ணு, உங்கப்பா குடிப்பாரா?"

நான் பழத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்து, "இல்லீங்க, எங்கப்பா கோயில்ல பாட்டுப் பாடுவாருங்க" என்றேன். இரண்டாவது பாதி உண்மை. அந்த உண்மையை எங்கே சேர்த்தால் முதல் பாதி நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த அம்மாள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அவருடைய கணவர்தான். இடுப்பிலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, ஜன்னலை ஒட்டிய கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கையெழுத்து வாங்க அப்பா உள்ளே போனபோது நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். தாள்களில் எங்கே போட வேண்டும் என்று அவருடைய மனைவி விரலால் காட்டக் காட்ட அவர் போட்டார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்தார். "அவரு எந்திரிச்சு நடக்கறதுக்குள்ள வித்துப்போடோணுங்க" என்று வெளியே வந்து அந்த அம்மாள் சொன்னதும்தான் விலையின் காரணம் அப்பாவுக்கு விளங்கியது. விளங்கியும், ஊர் வந்து சேரும் வரைக்கும் ஒவ்வொரு மேட்டிலும் கியரை மாற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டேதான் வந்தார்.

வண்டியில் ஒரு பழுதும் இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் அவர் அதை நம்பினார். அந்த மூன்று மாதத்தில் சந்தேகம் என்னிடம் குடியேறியிருந்தது. அப்பா சனிக்கிழமை சாயங்காலங்களில் குடிப்பார். ஞானஸ்நான விருந்து, கல்யாண விருந்து என்றால் மத்தியானத்திலேயே. அதற்கு முன்பு அது எனக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. இப்போது அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே கணக்குப் போட்டேன். துண்டை வாங்கி மடிப்பதுபோல அருகில் போய் அவர் மூச்சை முகர்ந்து பார்த்தேன். அவர் வண்டியை எடுத்துப் போன இரவுகளில், ஒற்றைக் காலோடு யாரோ ஒருவர் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பதாகக் கனவு வந்தது. அவருக்கு அம்மாவோடு பிறந்த எங்கள் மாமாவின் முகம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டு ஞானஸ்நான விருந்து முடிந்து நாங்கள் நடந்து வந்து சேர்ந்தபோது, விவசாயி ஒருவர் எங்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ந்து இரண்டு நாளாகிவிட்டது, கட்டிவைத்த மோட்டாரை இன்றைக்கே கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும் என்றார். "அதுக்கென்னுங்க, இப்பவே போலாம்" என்றார் அப்பா. அந்த 'போலாம்' வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தேன்.

அப்பா முதலில் சட்டைப் பைகளில் தேடினார். பிறகு அம்மாவைச் சந்தேகப்பட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரை, பட்டறையில் வேலை பார்த்தவரை, கடைசியில் வாசலில் நின்ற அந்த விவசாயியையே ஒரு மாதிரி பார்த்தார். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. பட்டறை ஆளின் வீட்டுக்கே போய் அவனை இழுத்து வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டியபோது நான் அழுதுவிட்டேன்.

"நாந்தானுங்கப்பா எடுத்தேன். அந்தம்மா கேட்டாங்க, நீங்க குடிப்பீங்களான்னு. நான் இல்லேன்னு சொல்லிப்போட்டனுங்க."

என்னை அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. விவசாயி செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "நான் வேற வண்டி பாத்துக்கறனுங்க, உடுங்க" என்று நடந்தார். அந்த மனிதர் வெளிக் கதவைச் சாத்திய விதம் இன்னமும் கண்ணில் இருக்கிறது. சத்தம் வரக் கூடாது என்று அத்தனை கவனமாகச் சாத்தினார்.

ஒரு வாரம் அப்பா என்னோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், "வண்டில ஏறு" என்றார். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. உடுமலையைத் தாண்டியபோது தெரிந்துவிட்டது.

நாங்கள் போய் நின்றபோது அந்த அம்மாள் வேப்பமரத்தடியில் புளி குத்திக்கொண்டிருந்தார். வண்டியைக் கண்டதும் எழுந்தாரே தவிர, முகத்தில் வரவேற்பு இல்லை. அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அவர் கணவர் ஊன்றுகோலோடு வந்துவிட்டார். நேரே வண்டியின் முன்பக்கத்துக்குப் போய், சந்தையில் விற்ற மாட்டைத் திரும்பக் கண்டவரைப்போல அதன் நெற்றியில் கையை வைத்தார். "நல்லாத்தான் வச்சிருக்கறீங்க. சித்த தூரம் ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்றார். அப்பா சட்டென்று சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். செய்த தவறு அந்த நொடியில்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இத ஏனுங்க மறுபடியும் இங்க கொண்டாந்தீங்க?" என்றார் அந்த அம்மாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "உங்ககிட்டச் சொல்லிப்போடோணும்னு வந்தனுங்கக்கா. நான் குடிக்கறவந்தானுங்க. பாப்பா பயந்துட்டுப் பொய் சொல்லிப்போடுச்சு. வண்டிய வேணும்னா வேற நல்ல ஆளாப் பாத்துக் குடுத்துருங்க."

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "பெரியவங்ககிட்டக் கேட்டாப் பொய்யி வரும்னுதான் புள்ளகிட்டக் கேட்டனுங்க. பயந்த புள்ள திக்கும், தரையப் பாக்கும். இது என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுச்சு. புள்ள இவ்வளவு சுத்தமாப் பொய் சொல்லுதுன்னா, உங்கூட்ல இது எத்தன வருசமா நடக்குதுங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தால், "அப்பா காய்ச்சலாப் படுத்திருக்காருங்க ஃபாதர்" என்று சொல்வது என் வேலை. மாமா போன் செய்தால், "பட்டறைல இருக்காருங்க மாமா." ஆறு வயதிலிருந்து செய்துவந்த வேலை அது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், நான் போய்ச் சொல்லிவிட்டு வருவேன், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அதற்குப் பொய் என்று பெயர் இருப்பது எனக்குத் தெரிந்தது.

"எடுத்துட்டுப் போங்க. இனி இந்தப் பக்கமே கொண்டாராதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்து வண்டியிலிருந்து விலக்கி உள்ளே கூட்டிப்போனார். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பாலத்தைத் தாண்டியதும் அப்பா வண்டியை ஓரம்கட்டி இறங்கி, ஆற்றுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து ஏறியபோது, "இனிமே யாரு கேட்டாலும் உள்ளதச் சொல்லிப்போடு அம்மணி. ஆனது ஆகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அவர் உடனே விடவில்லை, அதற்கு இன்னும் ஆறேழு வருடம் ஆயிற்று. ஆனால் குடிக்கிற நாளில் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுவார், அம்மா கேட்காமலே. நானும் அதன்பிறகு யாரிடமும் காய்ச்சல் என்று சொல்லவில்லை. பங்குச் சாமியாரிடம், "குடிச்சுட்டுப் படுத்திருக்காருங்க ஃபாதர்" என்று முதல் தடவை சொன்னபோது அம்மா சமையற்கட்டில் பாத்திரத்தைக் கீழே போட்டாள். சாமியார் தலையசைத்துவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். வானம் இடிந்து விழவில்லை.

வண்டி பதினாறு வருடம் ஓடி, பழைய இரும்புக்குப் போயிற்று. பட்டறை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி இருக்கிறது. மோட்டார் ஏற்ற வேண்டுமென்றால் செல்போனில் தட்டினால் யாரோ ஒருவர் வண்டியோடு வந்து நிற்கிறார். அவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பழைய வண்டி விற்பதும் வாங்குவதும்கூடப் படம் பார்த்தே முடிந்துவிடுகிறது. போன மாதம் கரூர் போகிற வழியில் தாராபுரத்தில் இறங்கித் தேடினேன். சாலையை அகலப்படுத்தியதில் வேப்பமரமும் இல்லை, வீடும் இல்லை. பக்கத்தில் இளநீர் விற்றவரிடம் விசாரிக்கலாமென்று போனேன். "யாரத் தேடறீங்க?" என்றார் அவர். பதில் சொல்ல வாயெடுத்த பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மாளின் பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை என்பது.