சஹனில் ஒரு வரப்பு

கோணேஸ்வரி கழுவிய தேத்தண்ணிக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் கழுவுகிறாள். முதலில் கழுவியது வேறு யாருமல்ல, அவளேதான். வீட்டில் மூன்று பேருக்கும் சாப்பிடத் தனித்தனிப் பீங்கான் தட்டு. மாறிவிடக் கூடாதென்று அடியில் நகப்பூச்சால் பொட்டு வைத்திருக்கிறாள். கணவர் சிவகுரு இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒருநாளாவது அவளுடைய பீங்கானில் கைவைத்திருப்பாரா? வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாரா?

இவ்வளவுக்கும் அவள் செய்கிற வியாபாரம் கருவாடு. தன் ஊரான சல்லியில் காய்ந்து வருகிற கட்டாவையும் நெத்தலியையும் நாள் முழுக்கச் சந்தையில் அளைந்து விற்கிறாள். அதைச் சொல்லிக் கேலி செய்தால், "அது மீன் மணம். மனிச எச்சில் வேற" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

சிவகுருவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, அதையொட்டிய ஒரு குறுகிய ஒழுங்கைக்குக் குடிவந்தது அவளுக்கு அறவே பிடிக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் குற்றம், காற்றில் எண்ணெய் மணம். உண்மையான குறை, கதைக்க ஒரு சனமில்லாததுதான். அதை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். "இந்த மாசம் பாப்பன். சரிவராட்டி நானும் பிள்ளையும் சல்லிக்குப் போயிடுவம். நீங்கள் இருந்து கப்பல் பாருங்கோ" என்று கெடு வைத்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள். சிவகுரு நித்திரையில்லாமல் தவித்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் காஸ் முடிந்துபோனது. ஒழுங்கை முனையில், வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த ஒரு வீட்டில் 'சாப்பாடு' என்று பலகை தொங்கியது. போனார்கள். "ஆம்பிளையள் முன்னுக்கு, நாம உள்ளுக்கு" என்று வீட்டுக்காரி நபீஸா சிவகுருவை முன்னறையில் துறைமுகத் தொழிலாளர்களோடு சேர்த்துவிட்டு, கோணேஸ்வரியையும் மகள் லக்சாயினியையும் திரைக்குப் பின்னால் பாயில் இருத்தினார். நடுவில் பெரிய தட்டம் ஒன்று வந்து இறங்கியது: நெய்ச்சோறு, கோழி, புளிப்பும் இனிப்புமாகப் பொரித்த கத்தரிக்காய்.

"ரெண்டு பீங்கான் தாங்கோ அக்கா."

"பீங்கானா? இது சஹன் புள்ள. நாலு பேர் ஒரே தட்டத்துல ஒண்டாத் திண்டாத்தான் சஹன். ஆள் குறையுது, நானும் மருமகளும் இரிக்கம்."

சொல்லிக்கொண்டே நபீஸாவும் மருமகள் ஜெஸீமாவும் கைகழுவிக்கொண்டு எதிரே அமர்ந்துவிட்டார்கள்.

கோணேஸ்வரி பாயிலிருந்து பாதி எழுந்தாள். ஆனால் வயிற்றைப் பசி கிள்ளியது. "எழும்பி மானத்தை வாங்காதேங்கோ அம்மா" என்று லக்சாயினி கிசுகிசுத்தாள். அவள் வாயில் அப்போதே சோறு.

கோணேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒற்றை விரலால் சோற்றை ஒதுக்கி, தன் பங்கைச் சுற்றி வரப்புக் கட்டத் தொடங்கினாள். காணி அளக்க வந்தவரைப் போல இருபக்கமும் பார்த்துப் பார்த்துக் கட்டினாள்.

"வடிவாக் கட்டுங்க" என்றார் நபீஸா. "அவரவர் முன்னுக்கு உள்ளதத்தான் திங்கிற. எங்கட முறையும் அதான்." தன் பக்கத்துச் சோற்றையும் சற்று இழுத்துக்கொண்டு இடம் கொடுத்தார்.

இதற்குமேல் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது? கோணேஸ்வரி வரப்பில் ஒரு கண்ணை வைத்தபடி சாப்பிட்டாள். அவள் பக்கத்துக் கத்தரிக்காய் மளமளவென்று தீர்ந்தது.

"கத்தரிக்காய்க்கு என்ன போட்டனீங்கள் அக்கா?"

"மாசிக் கருவாடுதான். ஆனா இப்ப வாற மாசி சரியில்ல புள்ள."

கோணேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆரிட்ட வாங்கினனீங்கள்? உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான். மாசி எண்டால் உடைச்சால் உள்ளுக்குச் சிவப்பாய் இருக்கவேணும். நாளைக்கு நான் கொண்டு வாறன்." கதை மாசியிலிருந்து விலைக்கும், விலையிலிருந்து சந்தைக்காரர்களின் புரட்டுக்கும் போய், நிற்காமல் ஓடியது. ஜெஸீமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

முன்னறையில் சாப்பிட்டு முடித்து நெடுநேரமாய்க் காத்திருந்த சிவகுரு திரைக்கு அப்பால் வந்து செருமினார். உள்ளே என்ன கூத்து நடக்கிறதோ என்று மனிதருக்குப் பயம்.

"இஞ்சேரும், என்ன மாதிரி? எழும்புவமோ?"

உள்ளே, கோணேஸ்வரி வரப்பைத் தாண்டிக் கையை நீட்டி, நபீஸாவின் முன்னால் மிஞ்சியிருந்த கடைசிக் கத்தரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.